ஸல்ஹாவின் போயா நாட்கள்

லைலாவின் மூக்குக்குள் புளியங்கொட்டை போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தேழாம் வருசம், பள்ளிக்கூட விடுமுறைக் காலம். ஸல்ஹா குசினியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி லைலா பக்கத்தில் குந்தியிருந்து கொட்டைகளை நிலத்தில் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தவள், திடீரென்று சத்தமில்லாமல் இருந்தாள். நாலு வயதுப் பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் அது நல்லதுக்கில்லை என்று மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவளுக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தாள். பிள்ளை வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அடுக்கியிருந்த வரிசையில் ஒரு கொட்டையைக் காணவில்லை.

கிண்ணியா மருந்துச்சாலையில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி இடுக்கிச் சாவணத்தை விட்டுப் பார்த்தார். கொட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. ஈரத்தில் அது ஊதிப் பெருக்கும், இனித் தொடக்கூடாது, உடனே திருகோணமலைப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்.

புருசன் ஸெய்னுதீன் சிறுபோக வெட்டுக்காகத் தம்பலகாமத்து வயல் வாடியில் இருந்தான். வெள்ளிக்கிழமைதான் வருவான். ஸல்ஹாவின் உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிப் பல வருசம். கூடப் பிறந்தவர், மூத்தவர், ஒரே ஒரு காக்கா, கலீலுர் றஹ்மான். துறையடி வீதியில் புடவைக்கடை வைத்திருந்தார். அவரும் அன்று காலையில் அலுவலாக மூதூருக்குப் போய்விட்டார். மூத்தவள் றம்லாவுக்குப் பத்து வயது, நடுவிலாள் ஸுல்பிகாவுக்கு ஏழு. அவர்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸாவிடம் காக்கா வந்தால் சொல்லிவிடும்படி சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, மூன்று பிள்ளைகளோடும் ஸல்ஹா துறையடிக்கு ஓடினாள்.

கடல் உள்நுழைந்த களப்பைக் கடக்கிற பாதையில், அந்த மிதவைப் படகில், அன்று ஒரு லொறி ஏறியிருந்தது. செத்தல் மிளகாய் மூட்டைகள். அதில் ஒரு மூட்டை வாய் பிரிந்து கிடந்தது. பாதை நடுத் தண்ணீருக்கு வந்ததும் கச்சான் காற்று திரும்பி வீசியது. லொறிச் சாரதி தும்மினார். சைக்கிளோடு நின்ற இரண்டு பேர் தும்மினார்கள். லைலா முகத்தைச் சுருக்கி, தலையைப் பின்னால் எறிந்து, அந்தச் சின்ன உடம்பில் எங்கே வைத்திருந்தாளோ தெரியாது, அப்படி ஒரு தும்மல் தும்மினாள். புளியங்கொட்டை பறந்துபோய் முன்னால் நின்ற ஒரு மனிசரின் பிடரியில் பட்டு விழுந்தது. அவர் பிடரியைத் தடவிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்.

ஸல்ஹா பிள்ளையின் மூக்கை ஒரு பக்கம் பொத்தி மறுபக்கம் ஊதச் சொன்னாள். காற்று சுத்தமாக வந்தது. மடியில் வைத்து முத்தம் கொடுத்தாள்.

பாதை அக்கரையில் தட்டியது. இறங்காமல் நின்றால் அதே பாதையில் திரும்பிப் போகலாம். கரையில் திருகோணமலை பஸ் புறப்பட நின்றது.

ஸல்ஹாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதற்கு முன் மூன்று தரம் திருகோணமலைக்குப் போயிருக்கிறாள். மூன்று தரமும் பிள்ளைப்பேற்றுக்கு. போகும்போது நோவில் கண் மூடியிருந்தாள், வரும்போது கைப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். துறைமுகம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆனால் பார்க்கிற ஆசை அவளோடு கூடப் பிறந்தது. யாராவது கிணறு இறைத்தால் நின்று பார்ப்பாள், தச்சு ஓடாவி கதவுக்குப் பூட்டுக் கொத்தினால் நின்று பார்ப்பாள், வீட்டில் கறி அடிப்பிடிக்கும். வேடிக்கையும் விடுப்பும் பார்க்கிறவள் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் அவளுக்கு மனவருத்தம்தான். ஆனாலும் பார்ப்பாள்.

இனி வீட்டுக்குப் போவதுதானே என்று றம்லா கேட்டாள். ஸல்ஹா பஸ்ஸைப் பார்த்தாள்.

"வெளிக்கிட்டாச்சு. பிள்ளைக்கு வருத்தம் மாறினதுக்காகத் திரும்பிப் போகோணுமா? கப்பல் பாத்திட்டு வருவம்."

முதலில் சிரித்தது ஸுல்பிகாதான்.

அன்று துறைமுகத்தில் அவர்கள் கண்ட கப்பல்கள் தூரத்தில்தான் நின்றன. பிள்ளைகளுக்கு அவை பெரிதாகத் தெரியவில்லை. கண்ணைப் பறித்தது வேறொன்று. மூதூர் லோஞ்சுப் படகு வந்து கட்டுகிற சிறிய இறங்குதுறையில் ஆட்கள் கூடி நின்றார்கள். நடுவில் பெட்டி போன்ற ஓர் இயந்திரம், அதன் இரண்டு பக்கமும் சக்கரம், இரண்டு பேர் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். படியில் ஒருவர் கன்வஸ் உடுப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய தலைக்கு மேல் ஒரு பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துத் திருகினார்கள். குடத்துக்கு முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி. பிறகு அவர் ஈயக்கட்டை வைத்த சப்பாத்தைத் தூக்கித் தூக்கி வைத்து ஏணியில் இறங்கினார். இடுப்பு மறைந்தது, நெஞ்சு மறைந்தது, குடம் மறைந்தது. தண்ணீரில் குமிழி மட்டும்.

லைலா அழத் தொடங்கினாள். மனிசன் தண்ணீருக்குள் தாண்டு போனார் என்று அவள் அழுகை.

இறப்பர்க் குழாயையும் கயிற்றையும் பிடித்து நின்றவர் திரும்பிப் பார்த்தார். சின்னராசா என்று பெயர், திருகோணமலை ஆள், ஐம்பது வயதிருக்கும். அழவேண்டாம் பிள்ளை, இந்தக் குழாயால் காற்றுப் போகிறது, அவர் கீழே மூச்செடுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று சொன்னார். ஸல்ஹா வாய் மூடி நிற்க வேண்டிய இடம் அது. சுற்றிவர ஆம்பிளைகள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னே வைத்தாள்.

"அண்ணன், சுத்துறவருக்குக் கை உளைஞ்சு விட்டிட்டால்?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். சின்னராசா சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார். அதற்காகத்தான் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவர் விட்டால் மற்றவர் சுற்றுவார். கீழே இருப்பவர் கயிற்றை ஒரு தரம் இழுத்தால் சுகம், நாலு தரம் இழுத்தால் தூக்கு. துறையின் மரத்தூண்களைப் புழு அரித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இறக்கியிருக்கிறது. ஸல்ஹா இன்னொன்று கேட்டாள், பிறகு இன்னொன்று. றம்லாவும் கேட்டாள். சின்னராசா கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னார்.

ஒரு மணி பஸ் போனது. மனிசன் மேலே வருகிறதைப் பார்க்காமல் எப்படிப் போவது? வடையும் வெறுந்தேத்தண்ணியும் வாங்கிக்கொடுத்துப் பிள்ளைகளை மரநிழலில் இருத்தினாள். கடைசியில் குடம் மேலே வந்தது. திருகிக் கழற்றினார்கள். உள்ளேயிருந்து வந்த முகம் ஒரு சாதாரண முகம், மீசை நரைத்த, நித்திரையால் எழும்பினது போன்ற முகம். தங்கரத்தினம் என்று கூப்பிட்டார்கள். கீழே என்னவெல்லாம் தெரிந்தது என்று ஸுல்பிகா நேராக அவரிடமே கேட்டுவிட்டாள்.

"ஒண்டும் தெரியாது பிள்ளை. ஒரே சேறு. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்யிறனான். கையாலதான் பாக்கிறது."

அந்தச் சொல்லை ஸல்ஹா பஸ்ஸில் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தாள்.

பாதையால் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. துறையடியில் பத்துப் பதினைந்து பேர். முன்னால் காக்கா. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. மத்தியானம் மூதூரிலிருந்து வந்தவரிடம் நஜ்முன் நிஸா சொல்லியிருக்கிறாள். அவர் சோறும் தின்னாமல் அடுத்த பாதையிலேயே போய், ஆசுபத்திரியில் வார்ட் வார்ட்டாகத் தேடி, அப்படி ஒரு பிள்ளை வரவேயில்லை என்று கேட்டு, அதற்குப் பிறகு மனிசனுக்கு என்ன என்ன யோசனையெல்லாம் வந்ததோ, முந்தின பஸ்ஸில் திரும்பி வந்து நின்றார்.

நஜ்முன் நிஸா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸல்ஹாவிடம் வந்து காதுக்குள் சொன்னாள். தனியார் டொக்டரிடம் காட்டினேன் என்று சொல்லு, அங்கே நேரம் சுணங்கிவிட்டது என்று சொல்லு, நான் சாட்சி.

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். அந்த ஒரு பொய்யோடு எல்லாம் முடிந்திருக்கும். ஸல்ஹா மூன்று பிள்ளைகளையும் பார்த்தாள். மூவரும் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கொட்டை பாதையிலேயே விழுந்திட்டுது காக்கா. பிறகு நாங்க துறைமுகம் பாக்கப் போனனாங்க. உங்கள அலைய வெச்சது என்ர பிழை. போனது பிழையில்ல."

கலீலுர் றஹ்மான் கை ஓங்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. மூன்று வருசத்துக்கு முன் சூறாவளி அடித்த இரவில், இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, கூரையைப் பிரித்து இந்தப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தவர் அவர்தான். அது ஸல்ஹாவுக்கு மறக்கவில்லை. அதனால்தான் அவரை எதிர்த்துப் பேசுவது அவளுக்கு லேசாக இருக்கவில்லை. அவர் எல்லாருக்கும் முன்னால் ஒன்றுதான் சொன்னார், தன் வாசல்படி இனி மிதிக்க வேண்டாம் என்று. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஸெய்னுதீன் வந்தான். வீட்டுக்கு வருமுன்பே பள்ளிவாசலில் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பொஞ்சாதியை அடக்கி வைக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சொன்னார்கள். ஸெய்னுதீன் அதிகம் பேசாதவன். கால் மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"சீதனமா வந்த வீடு, அவட வீடு. காலும் அவட கால். நான் என்னத்த அடக்குற?"

இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. மூன்றாம் ஆள் வாயிலாகத்தான் ஸல்ஹாவின் காதுக்கு வந்தது. வீட்டில் அவன் கேட்டது வேறு. சோறு தின்று முடித்துக் கையைக் கழுவிவிட்டு, அந்தக் குடத்துக்குள் தண்ணீர் போகாமல் கழுத்தில் எப்படி இறுக்குகிறார்கள் என்று கேட்டான். றம்லா ஒரு சட்டியைத் தலையில் கவிழ்த்துக் காட்டினாள்.

விசயம் அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் காக்கா ஆளனுப்பினார். றம்லாவுக்கு வயது வருகிறது, ஐந்தாம் வகுப்போடு நிற்பாட்டி வீட்டில் வைக்க வேண்டும், தாயைப் போல ஊர் சுற்றப் பழகமுதல் நிற்பாட்ட வேண்டும் என்று செய்தி. ஸல்ஹா வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பிள்ளை படிக்கும் என்று சொல்லியனுப்பினாள். அவர் போன பிறகு கோப்பையைக் கழுவி வைத்தாள். ஒளித்துப் போனால்தானே இந்தக் கதைகள், சொல்லிவிட்டே போவோம் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது.

அந்தக் காலத்தில் அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டு, நிலாக் கணக்கில் வரும் பௌத்தர்களின் போயா நாளை விடுமுறையாக்கியிருந்தது. அடுத்த பௌர்ணமிப் போயாவன்று காலையில் ஸல்ஹா மூன்று பிள்ளைகளுக்கும் தலை வாரி, பெரிய பெருநாளுக்குத் தைத்த சட்டையைப் போட்டு, சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு, துறையடி வீதியால் நடந்தாள். புடவைக்கடைக்கு முன்னால் நின்றாள். வாசல்படியை மிதிக்கவில்லை. வீதியில் நின்றபடியே சொன்னாள்:

"காக்கா, நாங்க கன்னியாவுக்குப் போறம், வெந்நீர்க் கிணறு பாக்க. அசறுத் தொழுகைக்கு முதல் வந்திடுவம்."

காக்கா ஒரு பூப்போட்ட சீத்தைத் துணியை விரித்து மடித்துக்கொண்டிருந்தார். அதைத் திரும்ப விரித்துத் திரும்ப மடித்தார்.

அடுத்த பௌர்ணமிக்கு நிலாவெளி உப்பளம். அதற்கடுத்த மாதம் சீனன்குடாவில் காட்டுக்குள் நிற்கிற எண்ணெய்த் தாங்கிகளை வீதியோரத்தில் நின்று பார்த்தார்கள். அவற்றை ஏன் இத்தனை பெரிதாகக் கட்டினார்கள் என்று ஸுல்பிகா கேட்டாள், ஸல்ஹாவுக்குத் தெரியவில்லை, பஸ்ஸுக்கு நின்ற ஒருவரைக் கேட்டார்கள், அவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் வழி முழுக்கக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தரமும் கடைக்கு முன்னால் நின்று போகிற இடத்தைச் சொன்னாள். ஒவ்வொரு தரமும் உள்ளே ஒரு துணி மடிபட்டது. வீதியில் சிரித்தவர்கள் இருந்தார்கள். குர்ஆன் ஓதிக்கொடுக்கிற லெவ்வையின் மனைவி அவளைக் கண்டால் கதவைச் சாத்தினாள்.

ஒரு தரம் எல்லாம் பிழையாகிப்போனது. மாரி தொடங்கிவிட்டது என்று நஜ்முன் நிஸா சொல்லியும் கேளாமல் கடற்கரையில் கரைவலை இழுக்கிறதைப் பார்க்கக் கூட்டிப்போனாள். ஒதுங்க இடமில்லாமல் நாலு பேரும் நனைந்தார்கள். ஸுல்பிகாவுக்குக் காய்ச்சல் பிடித்தது. பதினொரு நாள். பிள்ளை பிதற்றினாள். ஸல்ஹா இராப்பகலாகப் பக்கத்திலேயே கிடந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பார்வை போதும். தான் செய்ததெல்லாம் திமிர்தானா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஏழாம் நாள் காக்கா தன் பொஞ்சாதி றஹ்மாவிடம் ஒரு போத்தல் தேனும் ஒரு தடித்த போர்வையும் கொடுத்தனுப்பினார். அவர் வரவில்லை.

காய்ச்சல் மாறியது. அடுத்த இரண்டு பௌர்ணமிக்கும் ஸல்ஹா எங்கும் போகவில்லை. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. மூன்றாம் மாதம், மெலிந்து போயிருந்த ஸுல்பிகாவே வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு வலையைக் கரைக்கு இழுத்து முடிக்கமுதல் மழை வந்துவிட்டது, உள்ளே என்ன மீன் கிடந்தது என்று தெரியவில்லையே என்றாள். ஸல்ஹா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடுத்த போயாவுக்குக் குடை இரண்டு வாங்கினாள்.

அன்று காலையில் கடைக்கு முன்னால் அவர்கள் வந்து நின்றபோது ஊர் காணாத ஒரு புதினம் நடந்தது. கடைக்குப் பின்னால்தான் காக்காவின் வீடு. றஹ்மா மதினி தன் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு கடை வழியாகவே வெளியே வந்தாள். வெளிறிய முகம், ஆனால் நல்ல சாரி உடுத்தியிருந்தாள். தானும் வருவதாகச் சொன்னாள். ஸல்ஹா மதினியின் கையைப் பிடித்தாள். தன் பிடிவாதத்தால் ஒரு குடும்பத்துக்குள் நெருப்பு விழக்கூடாது என்று பயந்து, வேண்டாம் மதினி, வீட்டுக்குப் போங்க என்று மெல்லச் சொன்னாள். மதினி அசையவில்லை.

கலீலுர் றஹ்மான் வாசலுக்கு வந்தார். வீதியில் போனவர்கள் நின்றார்கள். அவர் பொஞ்சாதியைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும்," என்றார்.

"நனைவம்," என்றாள் றஹ்மா. பன்னிரண்டு வருசக் கலியாணத்தில் அவள் ஊரறிய அவருக்குச் சொன்ன முதல் எதிர்ச்சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் வழியை மறிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். அன்று மழையும் வரவில்லை. வலையில் சாளையும் கும்பளாவும் கொஞ்சம் கணவாயும் கிடந்தன. றஹ்மா கடலுக்குள் முழங்கால் வரை இறங்கி நின்று, சாரிக் கரை நனைகிறதையும் பாராமல் வெகுநேரம் நின்றாள்.

அதன் பிறகு வேறு பெண்களும் வரத் தொடங்கினார்கள். ஒரு மாதம் ஐந்து பேர், ஒரு மாதம் ஒருவருமில்லை. நஜ்முன் நிஸா ஒரு தரம் வந்துவிட்டு, கால் உளைகிறது, இனி ஏலாது என்று நின்றுவிட்டாள். காக்கா கடைசி வரைக்கும் அதைச் சரியென்று சொல்லவில்லை. என்ர தங்கச்சிக்கு விசர் பிடிச்சிட்டுது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார். ஆனால் வேறு யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் அவர்களுக்குத் துணி கிழித்துக் கொடுக்க மாட்டார். ஸல்ஹாவின் வீட்டுக்குப் பெருநாளைக்கு வந்து போகத் தொடங்கினார். தன் வாசல்படிப் பேச்சை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே இருந்துகொண்டார்கள்.

றம்லா படித்தாள். எழுபத்தெட்டாம் வருசம் குடும்பநல மருத்துவமாதாகக் குச்சவெளிக்கு முதல் நியமனம் வந்தது. கலியாணம் முடிக்காத பெட்டையை முப்பது மைலுக்கு அங்கால் தனியாக விடுவதா என்று காக்கா திரும்பவும் கொதித்தார். இந்த முறை தானே நேரில் வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடி ஒரு மணித்தியாலம் பேசினார். ஸெய்னுதீனும் இம்முறை யோசித்தான். றம்லாவே தயங்கினாள்.

ஸல்ஹா அலுமாரியைத் திறந்து பெட்டிக்குள் உடுப்பு அடுக்கினாள். மகளின் உடுப்பு ஒரு பக்கம், தன் உடுப்பு மறுபக்கம்.

"தனியா விடல்ல காக்கா. நான் கொண்டுபோய் விட்டு, மூண்டு நாள் நிண்டு பாத்திட்டு வாறன். இடம் சரியில்லாட்டி நானே கூட்டிக்கொண்டு வருவன். சரியெண்டா அவ அங்க இருப்பா."

கரையோர வீதியால் பஸ்ஸில் போனார்கள். விடுதி அறைக்குக் கதவுத் தாழ்ப்பாள் பலமாக இருந்தது. பக்கத்து வீட்டுக் குடும்பம் நல்லது. இரண்டாம் நாளே ஒரு பிரசவத்துக்கு ஆள் வந்து கூப்பிட, றம்லா பையைத் தூக்கிக்கொண்டு தாயிடம் சொல்லக்கூட நேரமில்லாமல் ஓடினாள். விடிய வந்து, ஆம்பிளைப் பிள்ளை, தாய் சுகம் என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். அதைப் பார்த்த பிறகு ஸல்ஹாவுக்குப் பயமில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றாள். களப்புப் பக்கம் பெண்கள் ஏழெட்டுப் பேர் பனையோலைப் பெட்டியைக் கழுத்தில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு, சேற்றுக்குள் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து, வெறுங்கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்தது. சாரதி கோர்ன் அடித்தார்.

ஸல்ஹா அவருக்குக் கையைக் காட்டிப் போகச் சொன்னாள். பெட்டியை அருகிலிருந்த தேத்தண்ணிக் கடையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு களப்புக்கு இறங்கினாள். கிண்ணியாவுக்கு அவள் திரும்பி வர இன்னும் இரண்டு நாளானது.